நிறுத்தினால் நிற்கும் பாட்டு

மாளிகைக்காடு
12.01.2025

அன்பு மகள் ஸுஹைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் இறைவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். வாப்பாவின் காது மட்டும் நன்றாக இல்லை. அது உனக்குத் தெரிந்த கதைதான். மலையில் குளிர் எப்படி? உம்மா தந்துவிட்ட கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறாயா?

சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறி நின்று நீ போனில் கத்தியது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லவுட்ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஆயுளைக் கழித்தவன் காது போன்குரலை மதிக்காது. உம்மாதான் பிறகு விளக்கினார். உங்கள் தோட்டப் பாடசாலையில் சமாதான விழாவாம், 'யுத்தத்திலும் சமாதானத்திலும் இசை' என்று நீ பேச வேண்டுமாம், அதற்கு வாப்பாவிடம் விசயம் கேட்கிறாயாம். இனிமேல் கடிதத்திலேயே கேள் மகள். காகிதம் வாசிக்கக் காது தேவையில்லை.

ஓ.எல். பரீட்சையில் கணக்கில் விழுந்து, பிறகு அதே பாடசாலைக்கு விளையாட்டுப் போட்டி நாளில் மைக் கட்டப் போன ஆளிடம் இசையைப் பற்றிக் கேட்கிறாய். சரி, எங்கள் கலியாணத்தைச் சொல்.

அது யுத்த காலம். ஊரடங்குக்கு முன் எல்லாம் முடிய வேண்டும் என்று, அசர் தொழுத கையோடு மாப்பிள்ளையாக உன் உம்மா வீட்டுக்கு வந்தேன். பாட்டுப் போட அனுமதி இல்லை. சவுண்ட்காரனின் கலியாணம் ஊமையாக நடப்பது பெண்களுக்குப் பொறுக்கவில்லை. நான் படலைக்குள் கால் வைத்ததும் வீடு நிறைந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரவை போட்டார்கள். அந்த நாட்களில் பெண்கள் கூடிச் சத்தம் வைத்தால் 'ஓடு' என்றுதான் அர்த்தம். எல்லை வீதிக்கு அந்தப் பக்கம் காரைதீவு ஆட்கள் ஓடத் தொடங்கினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து நம் தெருவும் ஓடியது. என் காரைதீவுக் கூட்டாளி இளையதம்பி ஆட்டை இழுத்துக்கொண்டு வயல் வரைக்கும் ஓடியிருக்கிறார். நின்று பார்த்தால் கையில் கயிறு மட்டும் இருக்கிறது, ஆடு வீட்டில். அன்று ஓடாமல் நின்றது மாப்பிள்ளை நான் ஒருவன்தான். வீரம் இல்லை மகள், புதுச் செருப்புக் கடித்தது.

அடுத்த நாள் இளையதம்பி வந்து முற்றத்தில் நின்று சொன்னார்: "காக்கா, சந்தோசப்படுறது உங்கட விருப்பம். முன்னுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் சந்தோசப்படுங்க."

எல்லை வீதியில் சொல் அனுப்புகிற பழக்கம் அன்றைக்குத்தான் பிறந்தது. நம் பக்கம் கலியாணம் என்றால் தொதல் இனிப்போடு ஒரு ஆள் அங்கே போய், 'இன்றைக்குச் சத்தம் வரும், நல்ல சத்தம்' என்று சொல்லிவிட்டு வருவான். அவர்கள் கோயிலில் மேளம் என்றால் வாழைப்பழச் சீப்போடு ஆள் இங்கே வரும். யுத்தம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. இப்போது என்னவென்றால், சொல் கிடைத்தவர்கள் அதை அழைப்பு என்று எடுத்துச் சாப்பாட்டுக்கும் வந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விசயம். உன்னோடு படிப்பிக்கிற ஸப்னாவின் வீட்டார் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள், அவளுக்கு மூத்த காக்கா அஸ்கிக்கு உன்னைக் கேட்டு. பையனுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. உன் மனதை ஒளிக்காமல் எழுது. ஓம் என்றால் வாப்பாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஊரிலுள்ள கலியாணத்துக்கெல்லாம் பாட்டுப் போட்டவன் நான். சொந்தக் கலியாணம்தான் ஊமையாகப் போனது. உன்னுடையதிலாவது எல்லை வீதி முழுக்கக் கேட்கப் பாட்டுப் போட வேண்டும்.

துஆவோடு,
வாப்பா அச்சிமுகம்மது


தோட்டப் பாடசாலை விடுதி
02.02.2025

அன்புள்ள வாப்பா, உம்மாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், உம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே மையும் குளிரில் இறுகிப்போய்விடுகிறது.

விழாவில் உங்கள் கலியாணக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, கயிறு மாமாவை எப்போது கூட்டி வருவீர்கள் என்று கேட்கிறார்கள். பாடசாலை அதிபர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் வவுனியாவில் இருந்தவராம்.

மற்ற விசயத்துக்கு என் பதில் ஓம். ஸப்னா நல்ல பிள்ளை. அவளோடு ஒரே அறையில் இருந்து ஒரு வருசமாகிறது, சண்டை வரவில்லை. அவள் காக்காவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் கலியாணம் எளிமையாக இருக்கட்டும் வாப்பா. அவர்கள் வீட்டில் என்ன சொன்னாலும் கேளுங்கள்.

காதுக்குச் சொட்டு மருந்து விட மறக்க வேண்டாம்.

உங்கள் ஸுஹைறா


மாளிகைக்காடு
20.02.2025

கண்ணான மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. சொட்டு மருந்து விடுகிறேன், அது ஒரு காதால் போய் மற்றக் காதால் வருகிறது என்று நினைக்கிறேன்.

சம்பந்தி வீட்டார் வந்து போனார்கள். நல்ல மனிதர்கள். பையன் என் காதைப் புரிந்துகொண்டு சரியான பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அந்த ஒன்றுக்கே பெண்ணைக் கொடுக்கலாம். ஓகஸ்ட் விடுமுறையில் நிக்காஹ். நம் வழக்கப்படி மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பார். அவர்கள் ஊர்ப்பக்கம் இறக்காமத்துக்கு இங்கிருந்தே வேலைக்குப் போவாராம்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பாட்டு வேண்டாம், மைக் வேண்டாம், லவுட்ஸ்பீக்கர் கட்டவே கூடாது. சம்பந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். உன் மாமியாராகப் போகிற மர்ஷூதா வாயே திறக்கவில்லை. காரணம் கேட்டேன். "எங்கட வீட்டில அதெல்லாம் விருப்பமில்ல மச்சான், மார்க்கப்படி நடத்துவம்" என்றார். சம்பந்தியின் தாடி என்னுடையதைவிட நீளம். மார்க்க விசயத்தில் நீளமான தாடியோடு மோத நான் என்ன ஆள்? சரி என்று சொல்லிவிட்டேன்.

சவுண்ட்காரன் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்து சவுண்ட் வேண்டாம் என்பது, மீன்காரன் வீட்டில் வந்து நாற்றம் என்று மூக்கைப் பொத்துவது போல் இருந்தது. பரவாயில்லை. எனக்கும் ஓய்வுதான். வாப்பா சந்தோசமாக இருக்கிறேன் என்று எழுதிவை.

பிரியமுள்ள
வாப்பா


விடுதி
10.03.2025

அன்பு வாப்பாவுக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே நானும் ஸப்னாவும் மட்டும்தான் நோன்பு. ஆனால் தோட்ட லயத்துப் பிள்ளைகள் இருவர், ஆதரவு தருகிறோம் என்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு எங்கள் கஞ்சிக்கு வந்துவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை ஸப்னாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தாடிப் பகுதியில் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விட்டாள்.

உண்மையாகவே உங்களுக்குக் கவலை இல்லையா? 'எழுதிவை' என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு இடிக்கிறது. இதற்கு மட்டும் பகிடி இல்லாமல் பதில் போடுங்கள்.

ஸுஹைறா


மாளிகைக்காடு
05.04.2025

அருமை மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நன்றாகப் போனது. உம்மாவின் வட்டிலப்பம் இந்த முறை உறையவில்லை. கோப்பையில் ஊற்றிக் குடித்தோம். 'புது வகை' என்று இளையதம்பிக்கும் ஒரு போத்தல் அனுப்பினேன். நல்ல பானம் என்று சொல் வந்தது.

பிள்ளைகளுக்கு இன்னொரு கதை சொல். யுத்தம் மும்முரமாக நடந்த காலத்தில் கலியாண வீட்டார் என்னிடம் சோகப் பாட்டாகக் கேட்பார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு இருப்பான், லவுட்ஸ்பீக்கர்க் குழல் அழுதுகொண்டிருக்கும். யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. பிறகு சமாதானம் பேசின வருசம் வந்தது. ஒரே மாதத்தில் ஆட்கள் மாறிவிட்டார்கள்! எல்லாருக்கும் துள்ளல் பாட்டு வேண்டும், ஒருவரும் நிறுத்த விடமாட்டார்கள். ஒரு மௌத்து வீட்டில் மைக் கட்டப் போனபோது வயரைத் தவறாகக் கொடுத்து, துஆ ஓத வேண்டிய நேரத்தில் துள்ளல் பாட்டு ஓடிவிட்டது. இறந்தவரின் சொந்தக்காரரே, 'இருக்கட்டும், அவரும் கேட்டுவிட்டுப் போகட்டும்' என்றார். சமாதானம் அவ்வளவு தூரம் உள்ளே இறங்கியிருந்தது. பிறகு மீண்டும் சண்டை, மீண்டும் சோகப் பாட்டு. 2019இல், ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு, கொஞ்ச நாள் எந்தப் பாட்டும் இல்லை. ஊரின் மனநிலை அறிய நான் பேப்பர் வாசிப்பதில்லை. என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்று பார்ப்பேன்.

மழை இல்லை. வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வருகிறது. வேறு விசயம் ஒன்றும் இல்லை.

வாப்பா


மாளிகைக்காடு
20.04.2025

அன்பு மகளுக்கு உம்மா எழுதுவது,

ஸலாம். இருமல் சுகம். வாப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

நீ கேட்டதற்கு வாப்பா பதில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். கடிதத்தை மூட முன் எனக்கு வாசித்துக் காட்டினார். வட்டிலப்பம் உறையாத கதை இருந்தது, அவர் உறங்காத கதை இல்லை. பெரிய குழல் நாலையும் முற்றத்தில் இறக்கிப் புளி போட்டுத் துலக்கினார். துலக்கிவிட்டு ஏற்றி வைத்தார். அடுத்த கிழமை மறுபடி இறக்குகிறார். ஏன் என்று கேட்டால் தூசாம். பாட்டுக் கேட்டு ஆள் வந்தால் 'வேறு ஆளைப் பிடியுங்கள்' என்கிறார்.

சம்பந்தி வீட்டோடு முரண்படச் சொல்லி நான் எழுதவில்லை. உனக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். சட்டையைப் போடு.

உம்மா கமீலா


விடுதி
18.05.2025

அன்புள்ள வாப்பா, உம்மாவுக்கு,

ஸலாம். எல்லாரும் நலமாக இருக்க துஆச் செய்கிறேன். பதில் பிந்திவிட்டது. ஸப்னா வாய் திறக்கக் காத்திருந்தேன். போன ஞாயிறுதான் சொன்னாள்.

விசயம் மார்க்கம் இல்லை வாப்பா. மாமிக்குப் பயம்.

சண்டைக் காலத்தில் அவர்கள் ஊரில் ஆபத்து என்றால் பள்ளிவாசல் மைக்கில்தான் சொல்வார்களாம். முதலில் மைக்கைத் தட்டுவார்கள், 'டொக் டொக்' என்று. பிறகு 'வெளிக்கிடுங்க' என்று குரல் வரும். கைக்குழந்தையாக இருந்த அஸ்கியைத் தூக்கிக்கொண்டு மாமி எத்தனையோ தரம் ஓடியிருக்கிறார். இப்போதும் எங்காவது மைக் தட்டிக் கேட்டால் உடம்பு தானாக எழும்பிவிடுமாம். மருமகன் முறையான ஒருவரின் கலியாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் காணவில்லை என்று தேடினால், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் பைக்குள் போட்டு அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாராம். கையில் சோறு காயவில்லையாம். ஆட்கள் பார்த்துச் சிரித்தார்களாம்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் 'பாட்டு விருப்பமில்லை' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். மார்க்கம் என்று சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். அது மாமாவின் யோசனையாம்.

தாடிக் கதை வாசித்த அன்று ஸப்னா ஏன் எழுந்து போனாள் என்று இப்போது விளங்குகிறது. நான் சொன்னதாக மாமிக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு ஆசை என்பதும் எனக்குத் தெரியும் வாப்பா. யார் சொன்னது என்று கேட்காதீர்கள்.

ஸுஹைறா


மாளிகைக்காடு
22.06.2025

என் மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறோம். ஒரு மாதம் பதில் போடாததற்குச் சாட்டு ஒன்றும் இல்லை. உன் கடிதம் வந்த அன்று என் தாடிப் பகிடியை நினைத்துப் பார்த்தேன். எழுதப் பேனை எடுத்தால் பகிடிதான் வருகிறது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பாட்டு இல்லை என்று உண்மையாகவே முடிவெடுத்தேன். சரி, காரைதீவுக்குச் சொல் அனுப்ப வேண்டுமே. இந்த முறை சத்தம் இல்லை என்று சொல்ல நானே தொதலோடு போனேன். இளையதம்பி தொதலை வாங்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "காக்கா, உங்கட வீட்டில கலியாணம் நடந்து சத்தம் வராட்டி, எங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்க? ஏதோ நடந்திட்டு எண்டு அண்டைக்கும் ஓடுவாங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். சத்தம் போட்டாலும் ஓடுகிறார்கள், போடாவிட்டாலும் ஓடுகிறார்கள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு முன்னுக்குச் சொல்ல ஆள் இருந்தது. மர்ஷூதாவுக்கு அப்படி யாரும் சொல்லவில்லையே.

கலியாண உடுப்புப் பேசும் சாட்டில் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எங்கள் கலியாணத்தில் ஊர் ஓடிய கதையை மட்டும் சொன்னேன், கயிறு, ஆடு எல்லாம் சேர்த்து. சம்பந்தி சிரித்தார். மர்ஷூதா சிரிக்கவில்லை, "அந்த மனிசன் திரும்பிப் போய் ஆட்டப் பாத்தாரா?" என்று கேட்டார். பார்த்தார், ஆடு சுகமாகப் புல் தின்றுகொண்டு நின்றது என்றேன். பிறகு தானாகவே சொன்னார்.

"பாட்டுக்கு எனக்குப் பயமில்ல மச்சான். தட்டிப்போட்டுச் சும்மா இரிப்பாங்களே, அந்த இடந்தான். என்ன சொல்லப் போறாங்களோ எண்டு நெஞ்சு நிண்டுரும். நிப்பாட்டுங்க எண்டு சொல்லவும் ஏலாது. ஆருக்கிட்டச் சொல்ற?"

காது மந்தமானாலும் இது முழுதாகக் கேட்டது. இந்தத் தொழிலில் எத்தனை ஆயிரம் தரம் மைக்கைத் தட்டியிருப்பேன். தட்டிவிட்டு, வேலை செய்கிறது என்று திருப்தியாகத் தேத்தண்ணீர் குடித்திருப்பேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே. எனக்கே இன்னும் தெரியாது.

வாப்பா


விடுதி
06.07.2025

வாப்பாவுக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தை ஸப்னாவுக்கு வாசித்தேன். இந்த முறை அவள் வெளியே போகவில்லை. 'இன்னொரு தரம் வாசி' என்றாள். நாங்கள் இருவரும் ஓகஸ்ட் விடுமுறை தொடங்கியதும் வருகிறோம். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் எனக்குக் குறை இல்லை.

ஸுஹைறா


விடுதி
01.09.2025

அன்புள்ள வாப்பா, உம்மாவுக்கு,

ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். வீட்டில் நீங்கள் இருவரும், உங்கள் மருமகனும் நலம்தானே? அவருக்கு உறைப்புக் கொஞ்சம் குறைவாகப் போடச் சொல்லி உம்மாவிடம் சொல்லுங்கள். அவர் சொல்லமாட்டார், கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

ஒன்று கேட்க வேண்டும். கலியாணத்தன்று நான் அறைக்குள் இருந்தேன். மாப்பிள்ளை வந்த நேரம் பாட்டுக் கேட்டது. மாமி எங்கே, மாமி எங்கே என்று ஸப்னாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. பிறகு பாட்டு நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. உங்களிடம் கேட்டபோது 'கறண்ட்' என்றீர்கள். அறையில் லைட் எரிந்துகொண்டே இருந்தது வாப்பா. ஒருவரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. என்ன நடந்தது?

ஸுஹைறா


மாளிகைக்காடு
14.09.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருமகன் சுகம். உறைப்புக் குறைத்தாயிற்று, இப்போது நான்தான் கண்ணீர் விடுகிறேன், சுவை இல்லாமல். உம்மா சுகம்.

கறண்ட் பொய்தான். மர்ஷூதாதான் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். இப்போது அவரே இறக்காமம் முழுக்கச் சொல்லித் திரிகிறாராம், அதனால் எழுதுகிறேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் அம்பிளிபயரைப் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். மைக்கை வெளியே எடுக்கவே இல்லை. அலுமாரியில் பூட்டித் திறப்பை உம்மாவிடம் கொடுத்தேன். சம்பந்தி வீட்டு வான் வந்ததும் மர்ஷூதாவைக் கூட்டிப் போய் அந்தக் கதிரையில் இருக்கச் சொல்லி, சுவிச்சைக் காட்டினேன். மேலே தள்ளினால் பாட்டு, கீழே தள்ளினால் இல்லை. இதை இன்றைக்கு நானும் தொடமாட்டேன், வேறு யாரும் தொடமாட்டார்கள். உங்களுக்கு மனம் வந்தால் போடுங்கள். வராவிட்டால் கலியாணம் இப்படியே நடக்கும், ஒரு ஆளும் ஏன் என்று கேட்காது. இவ்வளவும்தான் சொன்னேன். அவர் சுவிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மாப்பிள்ளை படலைக்கு வந்தார். இளையதம்பி குடும்பத்தோடு பந்தலில் முன்வரிசையில். சத்தமில்லை. இளையதம்பி என்னைப் பார்க்கிறார், நான் தொப்பியைச் சரிசெய்கிறேன். ஒரு பெண் குரவை போட வாயைத் திறந்துவிட்டு, யாரும் சேராததால் இருமினாள். அப்போது பாட்டு வந்தது. சின்னதாக. இரண்டு வரி போனது, நின்றது.

திரைக்குப் பின்னால் ஓடினேன். காணி உறுதி வைத்த பை மடியில்தான் இருந்தது, ஆனால் மர்ஷூதா கதிரையை விட்டு எழும்பவில்லை. "பயந்திட்டீங்களா?" என்றேன்.

"இல்ல மச்சான்" என்றார். "நிப்பாட்டினா நிக்குதா எண்டு பாத்தன்."

மறுபடி போட்டார். மறுபடி நிறுத்தினார். ஒவ்வொரு தரமும் நின்றது. பந்தலில் ஆட்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். 'அச்சி சவுண்ட்ஸ் முடிந்தது' என்று யாரோ சொன்னார்களாம். நல்ல வேளை என் காதில் விழவில்லை. பிறகு பாட்டு நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தமும் ஏறியது. யார் அந்தச் சத்தக் குமிழைக் காட்டிக்கொடுத்தது என்று தெரியவில்லை, நான் இல்லை. பெண்கள் குரவை போட்டார்கள், உனக்குக் கேட்டிருக்கும்.

எனக்கு வேலை இல்லை மகள். கலியாண வீடுகளில் எப்போதும் வயருக்குப் பக்கத்தில் நின்று, கடைசிப் பந்தியில் சாப்பிட்டவன். அன்று முதல் பந்தியில் இளையதம்பிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். குழலுக்கு முன்னால் இருந்து கேட்டால் பாட்டு வேறு மாதிரி இருக்கிறது. இது தெரியாமல் இவ்வளவு காலம் பின்னால் நின்றிருக்கிறேன்.

பின்னேரம் சம்பந்தி வீட்டார் எல்லாரும் வானில் ஏறியாயிற்று. மர்ஷூதாவை மட்டும் காணவில்லை. சம்பந்தியின் முகம் மாறிவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு ஆளை அனுப்பப் பார்த்தார். எனக்கு எங்கே என்று தெரியும். திரையை விலக்கினேன். பை கதிரைக்குக் கீழே கிடந்தது. ஒரு கை சுவிச்சில், மற்றக் கையில் தேத்தண்ணீர்க் கோப்பை.

"வான் காத்துக்கொண்டு நிக்குது" என்றேன்.

"இரிங்க மச்சான். இந்தப் பாட்டு முடியட்டும். பொறகு நானே நிப்பாட்டுறன்."

பக்கத்தில் ஒரு கதிரை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

பிள்ளைகளுக்கும் ஸப்னாவுக்கும் என் ஸலாம். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒரு காதாவது இந்தக் குடும்பத்தில் நன்றாக இருக்கட்டும்.

வாப்பா